நாலு கலர் பிரிண்டில் முகம் சிவப்பது ஏன்?

கேள்வி: திருப்பூரில் சின்னதாக ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். வெள்ளை டி-ஷர்ட்டில் நாலு கலரில் போட்டோ அடித்தால் முகம் செங்கல் நிறத்துக்குப் போகிறது, கன்னத்தில் வெளிச்சமான இடத்தில் புள்ளியே விழவில்லை, மேலே அலை அலையாக ஒரு கோடு வேறு. மெஷ் (ஃபிரேமில் இழுத்துக் கட்டும் வலை) 77, எல்பிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி வரிசை) 55, புள்ளி வரிசையின் சாய்வான ஆங்கிள் ஆஃப்செட்டுக்கு, அதாவது பேப்பர் அச்சுக்குப் போடுவதுதான். இங்க் மாற்றியும் பலனில்லை.

பதில்: இங்க்கை விடுங்கள், அதன் மேல் தப்பில்லை. சென்டிமீட்டருக்கு 77 இழை என்றால் அங்குலத்துக்கு 195 வரும். எல்பிஐயைப் போல நாலரை, ஐந்து மடங்காவது இழை வேண்டும், உங்களுக்கு மூன்றரைதான் இருக்கிறது. அதனால் சின்னப் புள்ளி இழை மேல் விழுந்து அடைபட்டுப் போகிறது. 120 மெஷ்ஷுக்கு மாறுங்கள், முடிந்தால் மஞ்சள் மெஷ்ஷாக. எக்ஸ்போஸ் செய்யும்போது, அதாவது ஃபிலிம் வழியே வெளிச்சம் காட்டி மெஷ் மேல் படத்தை இறக்கும்போது, வெள்ளை இழை வெளிச்சத்தைப் பக்கத்தில் சிதறவிட்டு மெல்லிய புள்ளிகளை மூடிவிடும். மஞ்சள் மெஷ்ஷுக்கு எக்ஸ்போஸ் நேரம் கூடும், டெஸ்ட் போட்டுப் பாருங்கள். டியூப்லைட் பெட்டியில் எக்ஸ்போஸ் செய்தால் என்ன மெஷ் போட்டாலும் இந்த வேலை சுத்தமாக வருவது கஷ்டம்.

அந்த அலைக்குக் காரணம் ஆங்கிள். ஆஃப்செட்டில் மெஷ் கிடையாது, அதனால் சயான் 15, மெஜந்தா 75, மஞ்சள் 0, கறுப்பு 45 என்று போடலாம். இங்கே இழை 0, 90 என்று ஓடுகிறது, மஞ்சள் கலரின் புள்ளி வரிசை நேராக அதன் மேலேயே உட்காருகிறது. நாலுக்கும் 7.5 டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். எக்ஸ்போஸுக்கு முன்னால் ஃபிலிமை இழுத்த மெஷ் மேல் வைத்து, கீழே லைட் போட்டுப் பார்த்தால் அலை அப்போதே தெரிந்துவிடும். பேப்பரில் அடித்தால் சுத்தமாக இருந்து துணியில் மட்டும் வந்தால், அது பின்னல் துணியின் வரியோடு மோதுகிற கதை, நெருக்கமான துணிக்குப் போக வேண்டியதுதான்.

முகம் சிவப்பது புள்ளி பெருப்பதால். ஃபிலிமில் 50 சதவீதப் புள்ளி துணியில் 70ஐத் தாண்டுவது சாதாரணம், மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து பெருத்தால் செங்கல்தான். உடனே கம்ப்யூட்டரில் கர்வைக் (புள்ளியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கோடு) குறைக்க உட்காராதீர்கள். முதலில் மெஷ் டென்ஷனை நாலு ஃபிரேமிலும் ஒன்றாக்குங்கள், முனை மழுங்காத, 70–75 ஷோர் கடினமுள்ள ஸ்க்வீஜியில் (இங்க் இழுக்கும் ரப்பர் பட்டை) அழுத்தாமல் ஒரே இழுப்பு இழுங்கள். இது நிலைக்கு வந்தபின் 5, 10, 20 என்று 90 சதவீதம் வரை புள்ளிகளை வரிசையாக ஒரு பட்டையில் அடித்து, எது எவ்வளவு பெருக்கிறது என்று பார்த்து அப்புறம் கர்வைத் தொடுங்கள். இல்லாவிட்டால் நாளுக்கொரு கர்வ் போட்டுக்கொண்டிருப்பீர்கள். இதே நாலு கலரைக் கறுப்புத் துணியில் மட்டும் அப்படியே அடிக்க வேண்டாம், இந்த இங்க் ஊடுருவித் தெரியும் ரகம், கீழே வெள்ளை இல்லாமல் கலர் எழும்பாது.