ஆளுக்கு ஒரு படை வாங்காதீங்க, அட்வான்ஸும் கட்டாதீங்க

வேலூர்லருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கார்: "நாங்க காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் 4 பேர். மினியேச்சர் வார்கேமிங்ல, அதாவது சின்னப் பொம்மைப் படைங்களை மேசை மேல நிறுத்தி ஆடுற போர் விளையாட்டுல, யாருக்கும் அனுபவம் இல்ல, வீடியோ பார்த்ததோட சரி. நெப்போலியன் தோத்த வாட்டர்லூ சண்டையை ஆடணும்னு ஆசை. பிரான்ஸ், பிரிட்டன், பிரஷ்யா, ஆஸ்திரியான்னு ஆளுக்கு ஒரு நாடு பிரிச்சுக்கிட்டோம். ஒருத்தர் குரூப் ஆர்டர்ல 28 மிமீ உசரப் பொம்மைங்க வரவழைச்சுத் தர்றேன்னு ஆளுக்கு 9,000 ரூபா அட்வான்ஸ் கேக்குறார். கட்டலாமா? இதைவிடக் கம்மியா ஆரம்பிக்க வழி இருக்கா?"

தம்பி, முதல்ல அந்த அட்வான்ஸ். கட்டலைன்னா கட்டாதீங்க, கட்டிட்டீங்கன்னா இன்னைக்கே திருப்பிக் கேளுங்க. ரெண்டாவது, வாட்டர்லூ சண்டையில ஆஸ்திரியா இல்லவே இல்ல, 9,000 ரூபா குடுத்து ஆஸ்திரியா வாங்குற நண்பர் 1815 ஜூன் 18 அன்னைக்கு டீ போட்டுக் குடுத்துக்கிட்டுதான் உக்காந்திருக்கணும். இதைக்கூட அந்த குரூப் ஆர்டர்காரர் உங்ககிட்ட சொல்லல பாருங்க, அதுலயே அவர் விளையாடுறவரா விக்கிறவரான்னு தெரிஞ்சுபோச்சு.

இந்த ஆளுங்க எப்படி வேலை செய்றாங்கன்னு சொல்றேன். 20 பேர்கிட்ட காசு வாங்கி ஒண்ணா ஆர்டர் போட்டா ஷிப்பிங் மிச்சம்னு ஆரம்பிப்பாங்க, அது உண்மைதான், நான் மறுக்கல. அப்புறம் 20 பேர் சேரல, 11 பேர்தான் சேர்ந்தாங்கன்னு ரெண்டு மாசம் போகும், ஸ்டாக் இல்லன்னு இன்னும் ஒரு மாசம், கடைசியில பாதி பெட்டி வரும், அதுலயும் நீங்க கேட்ட பிரெஞ்சுக் காலாட்படைக்குப் பதிலா வேற எவனோ தொப்பி போட்டு நிப்பான், "இதுவும் நெப்போலியன் காலம்தான் ப்ரோ"ன்னு பதில் வரும். எனக்கே நடந்திருக்கு, ஆள் பேர் வேணாம், 7 மாசம் கழிச்சு பாதிக் காசுதான் திரும்ப வந்துச்சு.

இதுல இன்னொரு வகை இருக்காங்க, "கிஃப்ட்னு எழுதி அனுப்பச் சொல்றேன், டூட்டியே வராது"ம்பாங்க. 2019 டிசம்பர்லயே தபால்லயும் கூரியர்லயும் கிஃப்ட்னு சொல்லி வரி இல்லாம பொருள் எடுக்குற வழியை அரசாங்கம் அடைச்சிருச்சு. அப்போ விட்டுவச்ச விலக்கு ரெண்டே ரெண்டு, உயிர் காக்குற மருந்து, அப்புறம் ராக்கிக் கயிறு. ராக்கியோட சேர்த்து அனுப்புற பரிசுக்குக்கூட விலக்கு இல்லன்னு தனியா எழுதி வச்சிருக்காங்க, ஆபீஸ்ல உக்காந்து அதை யோசிச்ச மூளைக்கு ஒரு கும்பிடு. அதோட பொம்மைங்களுக்கு இறக்குமதி வரி 2020-ல 20 சதவீதத்துலருந்து 60 ஆச்சு, 2023-ல 70 ஆச்சு, 2021 ஜனவரியிலருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம்னு வேற வந்துச்சு. நாம வாங்குறது பெரியவங்க பெயின்ட் அடிச்சு ஆடுற மாடல், குழந்தை வாயில வைக்கிற பொம்மை இல்லன்னு பார்சலைப் பிரிக்கிறவருக்கு யார் போய்ப் புரிய வைக்கிறது? ரேட்டை மாத்திக்கிட்டே இருப்பாங்க, அதனால ஆர்டர் போடுற அன்னைக்கு என்ன ரேட்டுன்னு பார்த்துட்டு, பொருள் விலையோட அதையும் ஷிப்பிங்கையும் கூட்டி அதுக்கப்புறம் ஆசைப்படுங்க. வெளிநாட்டுலருந்து லீவுக்கு வர்ற சொந்தக்காரங்க யாராவது இருந்தா அவங்க பெட்டியில நாலு டப்பா வாங்கிட்டு வரச் சொல்றதுதான் நான் பார்த்ததுலயே தலைவலி கம்மியான வழி.

சரி, ஆளுக்கு ஒரு படை விஷயத்துக்கு வருவோம். வேணாம். புதுசா ஆரம்பிக்கிற கூட்டம் எல்லாம் இந்த இடத்துலதான் கவுருது. நாங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சோம், ஒரே வருஷத்துல பிரஷ்யாவுக்குக் கல்யாணம் ஆச்சு, ரஷ்யா பூனாவுக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, மிச்சம் இருந்த ரெண்டு பேர்கிட்டயும் பிரெஞ்சுப் படை. பரண்ல இன்னும் கிடக்கு. அதனால நாலு பேரும் காசு போட்டு ஒரே ஒரு சண்டைக்கு ரெண்டு பக்கமும் பொதுவா வாங்குங்க, பெட்டி ஒரே வீட்டுல இருக்கட்டும், பக்கத்துக்கு ரெண்டு பேர் ஆடுங்க.

இதுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு, கொஞ்சம் விளக்கமாவே சொல்லிடறேன், ஏன்னா இதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு வர்றவங்கதான் ஜாஸ்தி. உங்க ஊர்லயோ பக்கத்து ஊர்லயோ ஏற்கெனவே ரெண்டு பக்கப் படையும் வச்சு ஆடிக்கிட்டிருக்கிற சீனியர் ஒருத்தர் இருந்தா, அவர்கூட சேர்ந்து ஆடப்போறீங்கன்னா, அப்போ நீங்க சொந்தமா ஒரு படை வாங்கலாம். ஆனா அவர் ஆடுற அதே காலம், அதே சைஸ், அதே ரூல், முக்கியமா அதே பேஸ் அகலம் (பேஸ்னா பொம்மைங்களை ஒட்டி நிறுத்துற அடித்தட்டு). அவர் 40 மிமீ அகல பேஸ்ல ஒட்டியிருக்கார், நீங்க 60-ல ஒட்டிட்டுப் போனீங்கன்னா நேருக்கு நேர் நிறுத்துறப்போ கணக்கு உதைக்கும், பிச்சுத் திரும்ப ஒட்டணும், பிய்க்கிறப்போ கணுக்கால் உடையும். அப்புறம் "ஆடிக்கிட்டிருக்கிற"ன்னு சொன்னேன் பாருங்க, அதைக் கவனிங்க, பத்து வருஷத்துக்கு முன்னாடி ஆடினேன்னு சொல்றவர் கணக்குல வரமாட்டார், அவர் தன் படையை உங்க தலையில கட்டப் பார்க்குறார். போய் உக்காந்து ரெண்டு ஆட்டம் அவர் பொம்மையில ஆடிட்டு, அதுக்கப்புறமும் வாங்கத் தோணினா வாங்குங்க. இப்படி ஒருத்தர் கிடைச்சார்னா அவர் பேச்சைக் கேளுங்க, நான் சொல்றதை விட்டுடுங்க.

இப்போ எந்தச் சண்டை. வாட்டர்லூ எடுத்தீங்கன்னா வெலிங்டன் பக்கம் 68,000 பேர், நெப்போலியன் பக்கம் 72,000-க்குக் கிட்ட, சாயங்காலம் பிரஷ்யாக்காரன் வேற வந்து சேர்றான். அதை ஒரு டைனிங் டேபிள்ல காட்ட முடியாது, ஒவ்வொரு ரெஜிமென்ட்டுக்கும் காலர் ஒரு கலர், கஃப் ஒரு கலர்னு பெயின்ட் அடிச்சே வெறுத்துப் போயிடுவீங்க. உங்க ஊர்லருந்து பைக்ல போயிட்டு அன்னைக்கே திரும்பிடலாம் வந்தவாசிக்கு, அங்க நடந்ததை எடுங்க. 1760 ஜனவரி 22. கோட்டையை பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகை போட்டிருக்கார், அதை விடுவிக்க பிரிட்டிஷ் தளபதி அயர் கூட் வர்றார். பக்கத்துக்கு ஐரோப்பியச் சிப்பாய்ங்க சுமார் 2,000 பேர்தான், கூடவே நம்ம ஊர் சிப்பாய்ங்க. சின்னச் சண்டை, ஆனா ஆட்டத்துக்கு வேண்டிய மசாலா எல்லாம் இருக்கு. லாலி தாக்கச் சொல்றார், அவரோட பிரெஞ்சுக் குதிரைப்படையே நகர மாட்டேங்குது. பிரெஞ்சுப் படையோட லொரேன் ரெஜிமென்ட் நெருக்கமா வரிசை கட்டி ஓடி வருது, கூட்டோட ஆளுங்க கிட்ட வர்ற வரைக்கும் சுடாம நிக்கிறாங்க. பிரெஞ்சு இடது பக்கம் ஒரு குளத்துக்கரையில வச்சிருந்த வெடிமருந்து வண்டி மேல குண்டு விழுந்து அந்த இடமே காலியாகுது, அதைச் சரிக்கட்ட வந்த பிரெஞ்சு அதிகாரி புஸ்ஸி சிறைபிடிக்கப்படறார். அடுத்த வருஷம் ஜனவரியில பாண்டிச்சேரியும் போச்சு.

பொம்மைக்கு 28 மிமீ வேணாம், 1/72 அளவு பிளாஸ்டிக் வாங்குங்க, ஒரு ஆள் ரெண்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குட்டையா இருப்பான். ஒரு டப்பாவுல காலாட்படைன்னா 40-க்கு மேல இருக்கும், வெளிநாட்டுல சுமார் 10-லருந்து 15 யூரோ. வந்தவாசின்னே டப்பா தேடாதீங்க, முக்கோணத் தொப்பி போட்ட, அதே காலத்து ஏழாண்டுப் போர் பொம்மையோ, அமெரிக்க சுதந்திரப் போர் பிரிட்டிஷ்காரனோ போதும், மூணு அடி தள்ளி நின்னு பார்த்தா எவனுக்கும் தெரியாது. 60 மிமீ அகலம், 40 மிமீ ஆழம் ஒரு பேஸ், அதுல 4 பேர். ரெண்டு பேஸ் ஒரு பட்டாலியன். பக்கத்துக்கு 4 பட்டாலியன்னா 32 பொம்மை, ஒரே டப்பாவுல முடிஞ்சுது. குதிரை டப்பா ஒண்ணு, பீரங்கி டப்பா ஒண்ணு, அதை ரெண்டு பக்கத்துக்கும் பங்கு போடுங்க. மொத்தம் 4 டப்பா, நாலு பேருக்கு. அந்த 9,000 ரூபா ஆளோட கணக்குல 36,000 போயிருக்கும்.

அதுவும் உடனே வாங்காதீங்க. முதல் ஒரு மாசம் அட்டைதான். ஜெராக்ஸ் கடையில கெட்டி சார்ட்டுல ஒரே அளவா 60-க்கு 40-ன்னு கட்டம் போட்டு பிரின்ட் எடுத்து வெட்டி, "லொரேன்", "கூட்"னு எழுதி ஆடுங்க. டைஸ் ஃபேன்சி ஸ்டோர்ல, டேப் டெய்லர் டேப். காலாட்படை 6 இன்ச், குதிரை 10 இன்ச், துப்பாக்கி 8 இன்ச் வரைக்கும், பீரங்கி 24 இன்ச் சுடும் ஆனா நகர்ந்த சுத்துல சுடாது. பேஸுக்கு 2 டைஸ், 5-உம் 6-உம் பட்டுச்சுன்னு கணக்கு, 4 பட்டா ஒரு பேஸ் எடு. மிச்சம் ஒரே பேஸ்னா ஒரு டைஸ் போடு, 1 இல்ல 2 விழுந்தா ஓட்டம். குளத்துக்கரையைக் குறிவச்சு பீரங்கி சுடறப்போ ரெண்டு டைஸும் 6-னா வண்டி வெடிச்சுது, அங்க இருக்கிற படை காலி. பிரெஞ்சுக் குதிரைக்கு ஒவ்வொரு சுத்தும் 5 இல்ல 6 விழுந்தாத்தான் நகரும், தாயம் விழாம கட்டையை உருட்டிக்கிட்டு உக்காந்திருக்கிற மாதிரி லாலி உக்காந்திருப்பார். நாலு ஆட்டம் ஆடினதுக்கப்புறமும் நாலு பேரும் வர்றாங்கன்னா டப்பா வாங்குங்க. ரெண்டு பேர்தான் வர்றாங்கன்னா உங்களுக்குச் செலவு டெய்லர் டேப்போட நின்னுச்சு.

பெயின்ட்டுக்கு இம்போர்ட்டட் பாட்டில் தேவையில்ல, ஸ்டேஷனரிக் கடை அக்ரிலிக் போதும். ஒண்ணு மட்டும் கவனம், 1/72 பொம்மைங்க பெரும்பாலும் வளையுற பிளாஸ்டிக், அப்படியே அடிச்சா பெயின்ட் உரிஞ்சு வரும், முதல்ல துப்பாக்கி முனைதான் உரியும். பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணியில பழைய டூத் பிரஷ் வச்சுத் தேய்ச்சுக் காயவச்சு, ஃபெவிகாலைத் தண்ணி விட்டுப் பால் மாதிரி கரைச்சு ஒரு கோட் அடிச்சு, அது காஞ்சதும் பெயின்ட், பெயின்ட் மேல மறுபடியும் ஃபெவிகால் ஒரு கோட். தரைக்குப் பச்சைத் துணி, வேலிக்குப் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைக் கிழிச்சு ஒட்டுங்க, பேஸ்ல சலிச்ச மணல். பெயின்ட் அடிச்சுத் தர்றோம்னு பொம்மைக்கு இவ்வளவுன்னு வாங்குறவங்களும் இருக்காங்க, முதல் படைக்கு அவங்க பக்கமே போகாதீங்க, 32 பொம்மை உங்க கையில கோணலா வந்தாலும் 4 ஞாயித்துக்கிழமையில முடிஞ்சுடும்.

லாலி ரெஜிமென்ட் பெயின்ட் அடிக்கிறப்போ ஒரு விஷயம். அவங்க பிரெஞ்சு சேவையில இருந்த ஐரிஷ்காரங்க, போட்டிருந்தது சிவப்புக் கோட்டு, பிரிட்டிஷ்காரனும் சிவப்பு. பேஸோட பின்பக்க ஓரத்துல பிரெஞ்சுக்கு ஒரு நீலக் கோடு இழுத்துடுங்க. நாங்க இழுக்கல. ரெண்டு சுத்து முழுக்க என் நண்பன் அவனோட சொந்த ரெஜிமென்ட்டையே சுட்டுக்கிட்டிருந்தான், நான் பார்த்துட்டுப் பேசாம இருந்துட்டேன்.