அம்மாவின் முழங்காலுக்கு எத்தனை படி?

கேள்வி: ஐயா, பெரியகல்லாற்றில் எங்கள் வீட்டுக்கு மேல் தங்கச்சிக்கு ஒரு மாடி கட்டுகிறோம். அம்மா அவளோடுதான் மேலே இருக்கப்போகிறார். அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் வருத்தம். கீழ்த்தரையில் இருந்து மேல்தரைக்கு 10 அடி. படிக்கு ஒதுக்கிய இடம் 7 அடி அகலம், 8 அடி நீளம். நடுவில் திரும்பி ஏறுகிற மாதிரி 14 படி போதும் என்கிறார் மேசன். சரியா? சுவர் இன்னும் எழுப்பவில்லை.

பதில்: சுவர் எழும்ப முன்னமே கேட்டது பெரிய நல்ல காரியம். எங்கள் பக்கத்தில் மூத்தவளுக்குக் கீழ்வீடு, இளையவளுக்கு மேல்வீடு என்று கட்டுவது இப்போது நிறைய நடக்கிறது. அறை, குசினி, குளியலறை எல்லாம் வரைந்து முடித்த பிறகு மிஞ்சுகிற மூலைதான் படிக்குக் கிடைக்கிறது. ஒவ்வொரு நாளும் அம்மாவின் கால் படப்போவது அந்த மூலையில்தான்.

மேசன் சொன்ன கணக்கையே முதலில் பார்ப்போம். 10 அடி என்றால் 120 அங்குலம். அதை 14 ஆல் பிரித்தால் ஒரு படியின் உயரம் 8½ அங்குலத்துக்கும் சற்று மேலே வருகிறது. இளவட்டங்கள் அதில் ஓடி ஏறுவார்கள். வருத்தமுள்ள முழங்காலுக்கு 7 அங்குலத்துக்கு மேல் போகவே கூடாது என்பது என் முடிவு. அதனால் 18 படி வையுங்கள். ஒரு படி 6⅔ அங்குலம், மில்லிமீற்றரில் 169. நான்கு படி கூடுகிறதே என்று மேசன் சொல்லக்கூடும். ஏறுகிற மொத்த உயரம் அதே 10 அடிதான். ஒரு தடவையில் முழங்கால் தூக்க வேண்டிய அளவுதான் குறைகிறது.

இனி மிதி, அதாவது கால் வைக்கிற அகலம். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சுவா புளொண்டெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் மனிதருடைய நடையை வைத்து ஒரு கணக்குச் சொன்னார்: படி உயரத்தின் இரு மடங்கோடு மிதியைக் கூட்டினால் ஒரு எட்டு வைக்கும் தூரம் வரவேண்டும். இன்றைக்கும் அதைத்தான் பாவிக்கிறோம். விடை 24, 25 அங்குலத்துக்குள் நின்றால் நடை இயல்பாக இருக்கும். உங்களுக்கு 6⅔ஐ இரட்டித்து 11 அங்குல மிதியைக் கூட்டினால் 24⅓. நன்றாகப் பொருந்துகிறது. மேசனின் படியில் மிதி 10 அங்குலம் வரும். கூட்டினால் 27ஐத் தாண்டுகிறது. மூச்சு வாங்குகிற படி அது.

11 அங்குலத்தில் நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இறங்குவது. எல்லாரும் ஏறுவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் மோசமான விழுகைகள் பெரும்பாலும் இறங்கும்போது நடக்கின்றன. இறங்குகையில் முழங்காலில் உடல் எடையின் ஏறத்தாழ மூன்று மடங்கு பாரம் விழுகிறது. மிதி ஒடுக்கமாக இருந்தால் பாதத்தின் முன்பக்கம் வெளியே தொங்கும், அல்லது காலைச் சரித்து வைக்க வேண்டிவரும். வயதானவர்கள் ஒடுக்கப் படியில் பக்கவாட்டாக இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

இதற்கு இடம் எவ்வளவு வேண்டும்? ஒன்பது படி ஏறினதும் நடுத்தட்டு, அதாவது நின்று திரும்புகிற இடம், பிறகு ஒன்பது. ஒன்பதாவது படி அந்தத் தட்டாகவே இருப்பதால் ஒரு பக்கத்துக்கு எட்டு மிதி: 88 அங்குலம், 7 அடி 4 அங்குலம். தட்டுக்கு 3 அடி. மொத்தம் 10 அடி 4 அங்குலம். உங்களிடம் இருப்பது 8 அடி. மீதி 2 அடி 4 அங்குலத்தை மண்டபத்தில் இருந்து எடுங்கள். எவ்வளவு முயன்றும் முடியாவிட்டால் மிதியை 10 அங்குலமாக்கி 9 அடி 8 அங்குலத்தில் முடிக்கலாம், அதற்குக் கீழே போகவேண்டாம். 7 அடி அகலம் தாராளம். 3 அடி 3 அங்குலத்தில் இரண்டு வரிசை, நடுவில் 6 அங்குல இடைவெளி.

இடம் போதாது என்று நடுத்தட்டிலே முக்கோணப் படிகளை வெட்டிவிடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். உள்மூலையில் அந்தப் படிக்கு மிதியே இல்லை. இரவில் கால் தடுமாறுவது சரியாக அந்த இடத்தில்தான். அம்மா நின்று மூச்சு விடவும் அந்தத் தட்டு சமதளமாக இருக்க வேண்டும்.

அளவைவிடவும் முக்கியமான ஒன்று, எல்லாப் படியும் ஒரே உயரமாக இருப்பது. இரண்டு மூன்று படி ஏறினதுமே கால் அந்த உயரத்தைப் பழகிவிடுகிறது. பிறகு கண் பார்ப்பதில்லை. என் பெரியம்மா வீட்டில் கடைசிப்படி மற்றவற்றைவிட ஒரு அங்குலம் உயரம். வருகிறவர்கள் எல்லாரும் அந்த இடத்திலேயே இடறுவார்கள். பெரியம்மாவே ஒருநாள் தேத்தண்ணித் தட்டோடு விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அந்த ஒரு அங்குலம் வந்தது மாபிளால்தான். கொங்கிறீட் போடும்போது படிகள் சமமாகவே இருந்தன. பிறகு கீழ்த்தரைக்கு இரண்டரை அங்குலம், படிகளுக்கு ஒரு அங்குலம், மேல்தரைக்கு இரண்டு அங்குலம் என்று மேல்பூச்சும் மாபிளும் ஏறின. முதல்படி ஒன்றரை அங்குலம் குறைந்தது, கடைசிப்படி ஒரு அங்குலம் கூடியது. அதனால் நீங்கள் சொன்ன 10 அடி எந்த மட்டத்தில் இருந்து எந்த மட்டத்துக்கு என்று இப்போதே மேசனிடம் கேளுங்கள். மாபிள் பதித்து முடிந்த தரையில் இருந்து, மாபிள் பதித்து முடிந்த தரைக்குத்தான் அளக்க வேண்டும். தண்ணீர் மட்டக் குழாயால் இரண்டு மட்டத்தையும் சுவரில் குறித்துவிட்டு, ஒரு நேரான சட்டத்தில் 18 கோடுகளையும் கீழிருந்தே அளந்து போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு படியாகக் கூட்டிக்கொண்டு போனால் சின்னச் சின்னப் பிசகு எல்லாம் சேர்ந்து கடைசிப்படியில் வந்து நிற்கும்.

கைபிடி இரண்டு பக்கமும் வேண்டும். அம்மாவுக்கு எந்தக் கால் நோகும் என்பது நாளுக்கு நாள் மாறும். உயரம் 3 அடி, விரல்கள் சுற்றிப் பிடிக்கிற ஒன்றரை அங்குல உருளை, சுவருக்கும் அதற்கும் இடையில் இரண்டு அங்குலம். கடைசிப்படியைத் தாண்டி ஒரு அடி நீளட்டும். உங்களுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்றில் சாதாரண இரும்பு நிற்காது, 304 வகைத் துருப்பிடியா உருக்கிலும் பழுப்புக் கறை படியும். 316 வகை கேளுங்கள், அல்லது தேக்கு. பளபளப்பான மாபிள் படிக்கு வேண்டாம். மழைக்காலத்தில் கால் கழுவிக்கொண்டு வருகிற வீடு. விளிம்பில் வேறு நிறத்தில் ஒரு பட்டை, கீழும் மேலும் போட்டு அணைக்கக்கூடிய இருவழிச் சுவிட்ச், தலைக்கு மேல் எங்கும் 7 அடி. இவற்றைச் சொன்னால் மேசனே செய்துவிடுவார்.

அப்புறம், கீழேயும் அம்மாவுக்கு ஒரு கட்டில் போடுகிற இடம் இருக்கட்டும். முழங்கால் வீங்குகிற நாட்களில் எந்தப் படியும் சுகமாக இராது.

படிக்குக் கொங்கிறீட் போடப் பலகை அடிக்க முன் ஒரு காரியம் செய்யுங்கள். வளவில் 6 அங்குலச் சீமெந்துக் கற்களைப் படுக்கப்போட்டு, ஒவ்வொரு வரிசைக்கு மேலும் முக்கால் அங்குலப் பலகை வைத்து, 11 அங்குல மிதியில் மூன்று படி அடுக்குங்கள். ஒரு படி 6¾ அங்குலம் வரும், உங்கள் படிக்கு மிக நெருக்கம். பலகை ஆடாமல் பார்த்துக்கொண்டு, நீங்கள் ஒரு பக்கம் நிற்க அம்மாவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். இறங்கும்போது காலைச் சரிக்கிறாரா, நேரே வைக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். சரித்தால் 12 அங்குல மிதிக்கு எனக்கு மறுபடி எழுதுங்கள், அதற்கும் ஒரு கணக்குப் போட்டுத் தருகிறேன்.