வீட்டு சீலிங்கில் விரிசல் விட்டு, காரை உப்பித் தொங்குகிறது. நாமே பூசிச் சரிசெய்யலாமா?

வெறும் விரிசல் என்றால் செய்யலாம். தொங்குகிறது என்கிறீர்களே, அதனால் முதலில் அதற்குக் கீழே இருக்கும் கட்டிலை நகர்த்துங்கள். 20 மி.மீ. கனத்தில் பூசிய காரை ஒரு சதுர அடிக்கே கிட்டத்தட்ட 4 கிலோ வரும். குழந்தைகளை அங்கே படுக்க விடாதீர்கள்.

நான் சொல்வது கான்கிரீட் தளத்துக்கு. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் என்றால் கெட்டுப்போன பலகையை மட்டும் வெட்டி மாற்றிவிடலாம். மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய கூரை) என்றால் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

தலைக்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ஓரமாக நின்று, நீளக் கம்பால் சீலிங்கைத் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்கும் இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். கண்ணுக்குத் தெரிவதைவிடப் பெரும்பாலும் அது பெரிதாக இருக்கும். விரிசல் வலைபோலக் கன்னாபின்னாவென்று ஓடினால் பூச்சு சுருங்கியதால் வந்தது. நேர்கோடாக, சம இடைவெளியில், பழுப்புக் கறையோடு இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட்டே வெடித்துக் காரையைக் கீழே தள்ளுகிறது.

எங்கள் வீடு கடற்காற்று படும் இடத்தில் இருக்கிறது. சாதாரண இடத்திலேயே கம்பிக்குக் கீழே 20 மி.மீ. கான்கிரீட்டாவது இருக்க வேண்டும், கடற்காற்று படும் இடத்தில் அதைவிடக் கூடுதலாக வேண்டும். எங்கள் தளத்திலோ கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டையான கவர் பிளாக்கே வைக்காமல் கம்பியைப் பலகைமேல் கிடத்திக் கொட்டியிருந்தார்கள். பார்க்க வந்த பெயின்டர் பட்டி பார்த்து அடித்துத் தருவதாகச் சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "மேல ஓதத்த நிறுத்தாம கீழ எத்தன தடவ பூசினாலும் விழத்தான் செய்யும்" என்றார். அதுதான் சரி. மழை விட்டதும் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர் எங்கே தேங்குகிறது, தட்டோட்டுச் சந்து எங்கே வாயைத் திறந்திருக்கிறது, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் உண்டா என்று பாருங்கள். அடுக்குமாடி என்றால் மேல்வீட்டுப் பாத்ரூமைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இதைச் சரிசெய்து, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு கீழே கை வையுங்கள்.

அப்புறம் தொங்கும் காரையை முழுக்கக் கொத்தி எடுக்க வேண்டும். துருப்பிடித்த கம்பியின் அடிப்பக்கத்தை மட்டும் சுரண்டினால் போதாது, பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்குக் குடைய வேண்டும். நிறையக் கொத்த வேண்டியிருந்தால் முட்டுக் கொடுக்காமல் தொடாதீர்கள். கம்பி பிரஷ்ஷால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, துத்தநாக பிரைமர் அடியுங்கள். லேடெக்ஸ் என்ற ஒட்டும் திரவமும் சிமெண்டும் குழைத்த பாலைக் கான்கிரீட்டில் தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே பாலிமர் கலவையை (இதே மாதிரி ஒட்டும் பொருள் சேர்த்த சிமெண்டு, மணல் கலவை) அப்ப வேண்டும். இந்த இடத்தில் கொத்தனார் பக்கத்திலேயே நில்லுங்கள். பால் காய்ந்துவிட்டால் அதுவே கலவையைப் பிடிக்க விடாது. ஒரே மூச்சில் கனமாக அப்பினாலும் எடை தாங்காமல் இறங்கிவிடும். 10 மி.மீ. போல ஒவ்வொரு படையாக ஏற்றினால் நிற்கும். சாதா சிமெண்டுப் பூச்சு என்றால் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலவை, 6 மி.மீ. கனமே சீலிங்குக்குப் போதும். 7 நாளாவது காயவிடாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

கம்பி கால்வாசிக்கு மேல் தேய்ந்திருந்தாலோ, சுவருக்குச் சுவர் நூல் பிடித்துப் பார்க்கையில் தளமே நடுவில் தொய்ந்திருந்தாலோ, பூச்சு வேலையை நிறுத்திவிட்டுக் கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை முட்டு நிற்கட்டும்.

ஃபேன் கொக்கியையும் விடாதீர்கள். அதுவும் இதே தளத்துக் கம்பியில் மாட்டியதுதான். ஃபேனைக் கழற்றி, கொக்கி மேலே போய்ச் சேரும் இடத்தைச் சுரண்டிப் பார்த்த பிறகே திரும்ப மாட்டுங்கள்.