பில்லும் ரிட்டர்னும் முட்டிக்கொண்டு நின்றால்

கேள்வி: அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பள மொத்தக் கடைக்கு பைத்தானில் இரண்டு புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். லினக்ஸில் ஓடுகின்றன. பில் போடும் புரோகிராம் இருப்பு ஃபைலைப் பூட்டி, சரக்கைக் கழித்து, பில்லை அச்சடித்துவிட்டு, அப்புறம் கணக்கு ஃபைலைப் பூட்டி எழுதும். லைனுக்குப் போன வேன் வந்ததும் ரிட்டர்ன் பதியும் புரோகிராம், கணக்கை முதலில் பூட்டி எழுதிவிட்டு இருப்புக்குப் போகும். பூட்டுவதற்கு லினக்ஸின் எஃப்-லாக் (flock). பகலெல்லாம் பிரச்சினை இல்லை. சில நாள் சாயங்காலம் இரண்டும் அப்படியே உறைந்துவிடுகின்றன. பிழைச் செய்தியும் வருவதில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால்தான் சரியாகிறது. இவ்வளவு நேரத்துக்கு மேல் காத்திருக்காதே என்று டைம்அவுட் வைத்தால் போதுமா?
— அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: தம்பி, பதிலில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒன்று இருப்பிலிருந்து கணக்குக்குப் போகிறது, மற்றது கணக்கிலிருந்து இருப்புக்கு வருகிறது. தண்ணீர் முறை வந்த அன்றைக்கு அண்ணன் மோட்டார் ரூம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மண்வெட்டிக்குக் காத்திருக்க, தம்பி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சாவிக்குக் காத்திருந்தால் என்ன ஆகும்? இரண்டு பேர் மேலும் தப்பில்லை, வயலுக்குத் தண்ணீர் மட்டும் போகாது. இதைத்தான் டெட்லாக் என்கிறோம், முட்டுக்கட்டை.

இது உண்டாக நான்கு நிலைமைகள் ஒன்றாகச் சேர வேண்டும் என்று கணினி ஆய்வாளர் காஃப்மனும் அவருடைய கூட்டாளிகளும் 1971-லேயே எழுதிவிட்டார்கள். பொருளை ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்க முடியும், ஒன்றைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருக்கிறார்கள், பிடித்ததை யாரும் பிடுங்க முடியாது, காத்திருப்பு வட்டமாகச் சுற்றி வருகிறது. ஒன்றை உடைத்தால் போதும். சுலபமாக உடைவது கடைசி வட்டம்தான்: எந்த புரோகிராமாக இருந்தாலும் முதலில் இருப்பு, பிறகுதான் கணக்கு. விடுவிக்கும்போது வரிசை முக்கியமில்லை.

ஆனால் உங்கள் கடைக்கு இரண்டு பூட்டு தேவையா என்பதே என் சந்தேகம். ஒரு பில்லை எழுத ஆகும் நேரம் கண் இமைக்கும் நேரம். 'கடை.லாக்' என்று ஒரு காலி ஃபைல் வையுங்கள். எந்த புரோகிராமும் அதைப் பூட்டிவிட்டுத்தான் மற்ற இரண்டையும் தொட வேண்டும். ஒரே பூட்டு என்றால் வட்டத்துக்கே வழியில்லை. வேலை முடிந்ததும் அந்தக் காலி ஃபைலை அழித்துவிடாதீர்கள். அழித்தால் ஒருவன் பழைய ஃபைலையும் இன்னொருவன் புதிதாக உண்டான ஃபைலையும் பூட்டிக்கொண்டு, இருவரும் உள்ளே புகுந்துவிடுவார்கள்.

ஏன் எப்போதாவது மட்டும் சிக்குகிறது தெரியுமா? உங்கள் பிரிண்டர்தான் காரணம். இருப்பைப் பூட்டியதற்கும் கணக்கைப் பூட்டுவதற்கும் நடுவே பில் அச்சாகிறது. பிரிண்டர் கிர்ர் கிர்ரென்று ஓடி முடிக்கும் அந்த இரண்டு மூன்று வினாடி, கம்ப்யூட்டருக்கு ஒரு யுகம். வேன் வந்து ரிட்டர்ன் போடுவது அந்த இடைவெளியில் விழுந்தால் தீர்ந்தது. பகலில் ரிட்டர்ன் இல்லை, அதனால் முட்டலும் இல்லை. பல வருடத்துக்கு முன் நான் எழுதிய ஒரு புரோகிராமும் இப்படித்தான் நின்றது. அரை நாள் புரோகிராம் வரிகளைத் துருவினேன். கடைசியில் பார்த்தால் பிரிண்டரில் பேப்பர் தீர்ந்திருந்தது, பூட்டைப் பிடித்தபடியே அது பேப்பருக்குக் காத்துக்கொண்டிருந்தது. அது டெட்லாக்கே இல்லை, ஆனால் கல்லாவில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே பூட்டுங்கள், இரண்டு ஃபைலையும் எழுதுங்கள், ஃப்ளஷ் செய்யுங்கள், பூட்டை விடுங்கள், அதன்பின் அச்சடியுங்கள். ஃப்ளஷ் செய்யாமல் பூட்டை விட்டால், பைத்தான் தன் மடியில் வைத்திருக்கும் வரிகள் பூட்டு போன பிறகு ஃபைலில் விழும்.

எஃப்-லாக்குக்கு முட்டுக்கட்டையைக் கண்டுபிடிக்கத் தெரியாது, விடியும்வரை காத்திருக்கும். பைத்தானில் லாக்-எஃப் (lockf) என்று இன்னொன்று உண்டு, அது எஃப்-கன்ட்ரோல் (fcntl) என்ற வேறு வகைப் பூட்டைப் போடுவது. அதில் வட்டம் உண்டானால் லினக்ஸின் மையமான கர்னல் கவனித்து, ஒருவருக்கு 'ரிசோர்ஸ் டெட்லாக் அவாய்டட்' என்ற பிழையைக் கொடுத்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் ஒரு பொல்லாத குணம். அதே புரோகிராமில் வேறொரு ஃபங்ஷன் அதே ஃபைலைச் சும்மா படிக்கத் திறந்து மூடினாலும், நீங்கள் போட்ட பூட்டு சத்தமில்லாமல் கழன்றுவிடும். எஃப்-லாக்கில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஒரே புரோகிராம் ஒரு ஃபைலை இரண்டு முறை திறந்து இரண்டையும் பூட்டப் பார்த்தால் தன்னையே தான் மறித்துக்கொண்டு நிற்கும். நீங்கள் எஃப்-லாக்கிலேயே இருங்கள். பூட்டும் வேலையை ஒரே ஒரு ஃபங்ஷனில் வையுங்கள்.

டைம்அவுட்? வைக்கலாம், காவலுக்கு மட்டும். வரிசையைச் சரிசெய்யாமல் அதை மட்டும் வைத்தால், இருவரும் ஒரே நேரத்தில் விட்டு, ஒரே நேரத்தில் மறுபடி பிடித்து, மறுபடி முட்டிக்கொள்ளலாம். அதோடு டைம்அவுட் வந்தால் பாதி எழுதியதை என்ன செய்வது என்றும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

இனி நின்றால் கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள். டெர்மினலில் எல்எஸ்-லாக்ஸ் (lslocks) கட்டளையைப் போட்டால் எந்த புரோகிராம் எந்த ஃபைலைப் பிடித்திருக்கிறது என்று தெரியும். சிக்கிய இரண்டில் ஒன்றை நிறுத்தினால் போதும், செத்த புரோகிராமின் பூட்டைக் கர்னலே அவிழ்த்துவிடும்.

இதை இன்றைக்கே செய்யுங்கள்: உறைந்து நின்ற நாட்களின் கணக்கை எடுத்துப் பாருங்கள். பில் அச்சாகியிருக்கும், இருப்பு கழிந்திருக்கும், ஆனால் கணக்கில் அந்த பில் இருக்காது. ரிட்டர்ன் பக்கம் கணக்கில் வரவு விழுந்து, இருப்பில் சரக்கு ஏறாமல் போயிருக்கலாம். அப்பளக் கட்டுகளை எண்ணிப் பார்த்தால் இருப்பு ஃபைல் சொல்வதைவிடக் குடோனில் கூடுதலாக இருக்கும். முதலாளி கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

எல்லாம் மாற்றியபின், சோதிக்கக் கடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு புரோகிராமிலும் முதல் ஃபைலை எழுதியதற்கும் இரண்டாவதைத் தொடுவதற்கும் நடுவே 5 வினாடி தூங்கச் சொல்லி ஒரு வரி போட்டு, இரண்டையும் ஒன்றாக ஓட விடுங்கள். பழைய புரோகிராம்கள் முதல் தடவையிலேயே உறையும். புதியதில் ஒன்று காத்திருக்கும், மற்றது முடித்ததும் இதுவும் முடிக்கும். கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் அந்தத் தூக்க வரியை எடுத்துவிட மறக்காதீர்கள்.