திறமை குறைவு, ஆர்வம் அதிகம்: இப்படிப்பட்டவரை வேலைக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் எந்த வேலை என்பதைப் பொறுத்தது. சில மாதங்களில் கற்றுவிடக்கூடிய வேலை, கூட இருந்து சொல்லித்தர ஆளும் இருக்கிறார் என்றால் தாராளமாக எடுங்கள். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம், மனப்பான்மையைப் பார்த்து ஆளெடுப்போம், திறமையைப் பயிற்சியில் கொடுப்போம் என்பதையே கொள்கையாக வைத்து வளர்ந்தது. (அதற்காக உரிமம் இல்லாதவரை விமானம் ஓட்ட விடவில்லை!)

சிக்கல் என்னவென்றால், நேர்காணலில் ஆர்வத்தை நடிப்பது சுலபம். படபடவென்று உற்சாகமாகப் பேசுகிறவரிடம் மயங்கிவிடுவோம், கூச்சத்தில் அதிகம் பேசாதவர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தானாகவே கற்றவராக இருப்பார். அதனால் "இதில் ஆர்வம் உண்டா?" என்று கேட்காதீர்கள், யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. யாரும் சொல்லாமலே என்ன செய்து பார்த்தீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள், அப்புறம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று தோண்டுங்கள். உண்மையான வேலையில் ஒரு சின்னத் துண்டைக் கொடுத்துச் செய்யவும் சொல்லுங்கள். ஷ்மிட், ஹண்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்டதில், யார் வேலையை நன்றாகச் செய்வார் என்று முன்கூட்டியே கணிப்பதில் இந்த மாதிரிச் சோதனை முன்வரிசையில் இருந்தது, அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கை ரொம்பப் பின்னால்.

ஆர்வம்தான் இருக்கிறதே என்று சம்பளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், கற்று முடித்ததும் கிளம்பிவிடுவார்.