மஞ்சள் பைச் சிலந்தி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அவிநாசி வாசகர்: ஐயா, பருத்தி இலையை மடித்து, உள்ளே வெள்ளை நூல் உறை கட்டி ஒளிந்திருக்கும் வெளிர்மஞ்சள் சிலந்தி எது? மருந்து அடிக்கலாமா?

அடிக்க வேண்டாம். அது பெரும்பாலும் கெய்ராகாந்தியம் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. வலை பின்னாமல், பகலில் அந்த உறைக்குள் கிடந்து, இரவில் செடியெங்கும் அலைந்து தத்துப்பூச்சிகளையும் சிறு புழுக்களையும் பிடித்துத் தின்னும். முட்டையைக் காத்திருக்கும் தாயின் உறையைக் கிழித்துப் பார்க்காதீர்கள். அப்போது தாய் கடிக்கக்கூடும்.

பொள்ளாச்சி மாணவி: பழைய நூல்கள் இதைக் குளுபியோனிடே குடும்பம் என்கின்றன, புதிய பட்டியல்களில் கெய்ராகாந்திடே என்றிருக்கிறது. எதை எழுதுவது?

கெய்ராகாந்திடே என்றே எழுதுங்கள். பேரினத்தை நிறுவியவர் செ. எல். கோக், ஆண்டு 1839. இரண்டு நகங்களும் எட்டுக் கண்களும் கொண்டு, வலையின்றி வேட்டையாடும் சிலந்திகளில் பெரும்பகுதியை அக்காலத்தில் குளுபியோனிடே என்ற ஒரே குடும்பத்தில் அடைத்துவிட்டார்கள். உடலமைப்பை நுணுகி ஆராயத் தொடங்கிய பின்னர் அது ஒவ்வொன்றாகப் பிரிந்தது. நம் பேரினம் முதலில் மிட்டுர்கிடேவுக்குப் போனது. 2014இல் ராமிரெஸ் வெளியிட்ட விரிவான ஆய்வில் யூட்டிக்கூரிடே என்ற தனிக் குடும்பத்தில் வைக்கப்பட்டது. அதே குழுவுக்கு வாக்னர் 1887இலேயே சூட்டிய கெய்ராகாந்திடே என்ற பெயர் மூத்தது என்பதால், முன்னுரிமை விதிப்படி அதுவே இப்போது நிலைத்திருக்கிறது. குடும்பம் இத்தனை முறை மாறியும் பேரினப் பெயர் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகச் சிலந்திப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குறிப்பேட்டை நிரப்புவது நல்ல பழக்கம்.

கோபிசெட்டிபாளையம் ஆசிரியர்: குளுபியோனா என்ற, தோற்றத்தில் ஒத்த சிலந்திப் பேரினத்தையும் இதையும் கைலென்ஸில் பிரித்தறிய முடியுமா?

பேரின அளவில் முடியும். தலைமார்பின் முதுகுப்புற நடுவில் குளுபியோனாவுக்கு மெல்லிய கீறல்போல் ஒரு பள்ளம் தெரியும்; கெய்ராகாந்தியத்தில் அந்த இடம் வழவழப்பாக இருக்கும். இதன் முன்னங்கால் இணையே மிக நீளமானது, குளுபியோனாவுக்கோ பின்னங்கால்கள். ஆணாக இருந்தால் உணர்காலின் நுனிக்கணுவில் பின்னோக்கி நீளும் முள்ளைத் தேடுங்கள். ஆனால் இனத்தை, இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். மஞ்சளாகத் தெரிந்ததை வைத்து இனப்பெயர் எழுதுவதை நான் ஏற்பதில்லை.

உடுமலை வாசகர்: இது நம் நாட்டுச் சிலந்திதானா?

இந்தியாவில் பல இனங்கள் உண்டு. 1895இல் தோரெல் விவரித்த மெலனோஸ்டோமம் அவற்றுள் ஒன்று. உலகெங்கும் இருநூறுக்கு மேற்பட்ட இனங்கள் இருந்தும், ஏறத்தாழ எல்லாமே ஆப்பிரிக்கா, ஆசியா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகளைச் சேர்ந்தவை. அமெரிக்காவில் பரவலாகக் காணப்படுபவை இங்குளூசம், மில்டெய் என்ற இரண்டுதான்; அவற்றிலும் மில்டெய் பழைய உலகிலிருந்து (ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா சேர்ந்த நிலப்பரப்பு) சென்று குடியேறியது. பழைய உலகில் இத்தனை இனங்கள் செறிந்திருக்க அங்கே இவ்வளவு குறைவாக இருப்பதால், இந்தப் பேரினம் பழைய உலகில்தான் கிளைத்துப் பெருகியது என்று கருதுகிறேன்.

ஈரோடு வாசகர்: கடித்தால் சதை அழுகுமா?

குளவி கொட்டியதுபோல் வலியும் வீக்கமும் இருக்கும். சதை அழுகும் என்ற அச்சத்துக்கு, உறுதிசெய்யப்பட்ட கடிகளைத் தொகுத்த ஆய்வுகளில் ஆதரவு இல்லை. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, வலி நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.