குசினிக்கு எதற்கு வந்தேன்?

கேள்வி: எனக்கு 47 வயது, கோண்டாவிலில் இருக்கிறேன், ஆசிரியை. ஒரு வருடமாக மறதி கூடிக்கொண்டே போகிறது. குசினிக்குப் போனால் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நிற்கிறேன். வங்கி அனுப்பும் ஓடிபியைப் பார்த்து அடிப்பதற்குள் மறந்துவிடுகிறது. வகுப்பில் ஒரு பிள்ளை குறுக்கே கேள்வி கேட்டால் விட்ட இடம் பிடிபடுவதில்லை. அம்மாவுக்கு அல்சைமர், என்னோடுதான் இருக்கிறா, இரவில் மூன்று நான்கு தடவை எழும்புவா. எனக்கும் அந்த வருத்தம் தொடங்கிவிட்டதா? தும்மலுக்கு இரவில் போடும் குளுசை தவிர வேறு மருந்து எதுவும் எடுப்பதில்லை.

பதில்: ரீச்சர், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது அம்மாவின் வருத்தம் போலத் தெரியவில்லை. நேரில் பார்க்காமல் முடிவு சொல்வது சரியில்லை, ஆனால் ஏன் அப்படி நினைக்கிறேன் என்று சொல்கிறேன்.

சின்ன வயதில் அம்மா என்னைக் கடைக்கு அனுப்புவா. ஒரு றாத்தல் பாண், கால் கிலோ பருப்பு, ஒரு பக்கெற் தேயிலை. நான் ஒழுங்கை முழுக்க அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு ஓடுவேன், வழியில் யாராவது “எங்கையடா போறாய்?” என்று கேட்டு நான் பதில் சொன்னேனோ, பருப்பு போய்விடும். இதில் கெட்டுப்போனது என் ஞாபகசக்தி இல்லை. மனதில் ஒரு விஷயத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொண்டு அதை வைத்தே வேலை செய்கிற பகுதி ஒன்று இருக்கிறது, அதைச் செயல்நினைவு என்கிறோம். அதில் இருப்பது நாம் திருப்பித் திருப்பிச் சொல்லும் வரைக்கும்தான் நிற்கும், கவனம் வேறு பக்கம் போனால் சில செக்கன்களில் அழிந்துவிடும். 1959இல் உளவியலாளர்களான பீற்றர்சன் தம்பதியர் இதைச் சோதித்தார்கள். மூன்று எழுத்தைக் கேட்க வைத்து, உடனே ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துச் சொல்லச் சொன்னார்கள். 18 செக்கனுக்குள் பெரும்பாலான எழுத்துகள் போய்விட்டன, அதுவும் நல்ல ஆரோக்கியமான இளம் ஆட்களுக்கு.

இடமும் அதில் கொஞ்சம்தான். 1956இல் ஜோர்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் ஏழு, கூடக் குறைய இரண்டு என்று எழுதினார். பிறகு 2001இல் நெல்சன் கவன், சேர்த்துக் கட்டாமல் தனித்தனியாகப் பிடித்து வைக்கக்கூடியது ஏறக்குறைய நான்குதான் என்றார். பத்து இலக்க ஃபோன் நம்பரை நாம் 077 என்று தொடங்கித் துண்டு துண்டாகச் சொல்வது அதனால்தான், ஒரு துண்டு ஓர் இடத்தைத்தான் பிடிக்கும். 1974இல் பாட்லியும் ஹிச்சும் இதை இன்னும் பிரித்துக் காட்டினார்கள்: காதால் கேட்டதை வாய்க்குள் சுழற்றி வைக்க ஒன்று, கண்ணால் கண்ட இடத்தையும் உருவத்தையும் வைக்க ஒன்று, இரண்டுக்கும் மேலே எதைக் கவனிப்பது எதை விடுவது என்று முடிவெடுக்கிற பொறுப்பாளர் ஒன்று. உங்களுக்குக் களைத்துப் போயிருப்பது இந்தப் பொறுப்பாளர்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது அம்மாவைப் பாருங்கள். சாப்பிட்டுப் பத்து நிமிஷத்தில் “எனக்கு ஒருத்தரும் சாப்பாடு தரேல்லை” என்பா. நீங்கள் நினைவுபடுத்தினாலும் அந்தச் சாப்பாடு அவவுக்கு நடக்காத ஒன்றுதான். அல்சைமர் பெரும்பாலும் முதலில் தாக்குவது புதிய அனுபவங்களைச் சேர்த்து வைக்க உதவும் ஹிப்போகம்பஸ் என்ற மூளைப் பகுதியையும் அதை ஒட்டிய இடத்தையும். ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல் வலிப்புக்காக இரண்டு பக்கமும் அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதன்பிறகு புதிதாகப் பார்த்த எவரையும் அவரால் ஞாபகம் வைக்க முடியவில்லை, ஆனால் சொன்ன இலக்கங்களை உடனே திருப்பிச் சொல்வதில் குறையில்லை. அதாவது இரண்டும் வேறு வேறு. நீங்கள் குசினியில் நின்று முழிக்கிறீர்கள், அப்புறம் திரும்பி ஹோலுக்குப் போனதும் “ஓ, கத்தரிக்கோல்” என்று வந்துவிடுகிறதுதானே? அப்படியானால் விஷயம் உள்ளேதான் இருந்திருக்கிறது, கையிலிருந்து நழுவியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, ஏன் நழுவுகிறது? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. ஒரு இரவில் மூன்று நான்கு தடவை எழும்புகிற ஒருவருக்குச் செயல்நினைவு ஒழுங்காக வேலை செய்தால்தான் எனக்கு ஆச்சரியம். நித்திரைக் குறைவு முதலில் அடிப்பது கவனத்தைத்தான். அம்மாவைப் பற்றிய கவலையும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது, அதுவும் அந்த நான்கில் ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். 47 வயதில் மாதவிடாய் நிற்கத் தொடங்கும் காலத்திலும் பலருக்கு இப்படி வருகிறது. தும்மல் குளுசையின் பெயரையும் பாருங்கள். குளோர்பெனிரமின் என்று இருந்தால் அது நித்திரை மயக்கம் தரும், கவனத்தை மந்தமாக்கும், இரவில் போட்டாலும் அடுத்த நாள் காலையில் மிச்சம் இருக்கும். மயக்கம் குறைந்த வேறு மருந்துகள் இருக்கின்றன, உங்கள் டொக்டரிடம் மாற்றித் தரக் கேளுங்கள்.

இரத்தச் சோதனை ஒருக்கா செய்ய வேண்டும். ஹீமோகுளோபின், தைரோயிட், விற்றமின் பி12, சீனி. நீங்கள் சுத்த சைவம் என்றால் பி12ஐ விடவே கூடாது. மனம் சோர்ந்து, எதிலும் விருப்பமில்லாமல் இருக்கிறதா என்பதையும் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், மனச்சோர்வும் இப்படித்தான் மறதி வேடம் போட்டு வரும்.

அதுவரை, ஓடிபியை மூன்று மூன்றாக வாய்விட்டு வாசியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. குசினிக்கு நடக்கும்போது “கத்தரிக்கோல், கத்தரிக்கோல்” என்று சொல்லிக்கொண்டே போங்கள். வகுப்பில் பிள்ளைக்குப் பதில் சொல்வதற்கு முன் விட்ட சொல்லைப் பலகையின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். மூளைப் பயிற்சி என்று ஃபோனில் விற்கும் விளையாட்டுகளுக்குக் காசு கட்ட வேண்டாம். அந்த விளையாட்டில் கெட்டிக்காரி ஆவீர்கள், குசினியில் உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

ஒரே கதையை ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள் என்று வீட்டில் சொன்னாலோ, பழகின வழியில் திசை தவறினாலோ, காசுக் கணக்கு குழம்பினாலோ தள்ளிப்போடாமல் நரம்பியல் கிளினிக்குக்கு வாருங்கள். திடீரென்று பேச்சுக் குழறினால், வாய் கோணினால், ஒரு கை விழுந்தால் அது வேறு, உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்றைக்கே கதையுங்கள், கிழமையில் இரண்டு இரவாவது அம்மாவுக்குப் பக்கத்தில் அவர்கள் படுக்கட்டும், நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திவிட்டு விடியும்வரை நித்திரை கொள்ளுங்கள்.